அட்டையில் வராத வசனங்கள்

டிசம்பர் 31 இரவு சென்னைப் புறநகர் பொழிச்சலூரில் தூங்க நினைப்பவர்கள் பாவம். பம்மல் எல்லையிலிருந்து கவுல் பஜார் வரைக்கும் தெருவுக்கு ஒரு ஜெபவீடு என்றே சொல்லிவிடலாம். மாடியில் ஷீட் போட்ட சபை, ஒரு ராத்திரிக்கு மண்டபம் பிடித்த சபை, மணிக்கூண்டு வைத்த ஆலயம் என எல்லாவற்றிலும் ஒலிபெருக்கி. பன்னிரண்டு மணி ஆனதும் ஓர் ஆரவாரம், கைகுலுக்கல், கேக். அப்புறம் எல்லோரும் காத்திருந்த வரிசை. தட்டு நிறைய பைபிள் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வருகிற வருஷத்துக்கு ஆண்டவர் உங்களிடம் தனிப்பட்ட முறையில் பேசுவது அதில் இருக்கிறது என்பது நம்பிக்கை.

கிண்டல் செய்வதற்காக இதை எழுதவில்லை. நானும் அந்த வரிசையில் நிற்கிறவன்தான். எங்கள் ஊர் அகத்தீஸ்வரர் கோயிலுக்கு வட திருநள்ளாறு என்று பெயர். சனிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள், எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் நல்லெண்ணெய் தீபத்தோடு நிற்பார்கள். ஏழரைச் சனி நல்லபடியாகக் கழியட்டும், பையனுக்கு வேலை கிடைக்கட்டும், பெண்ணுக்கு வரன் அமையட்டும். எங்கள் வரிசையில் நிற்பவர்களின் மனசில் ஓடுவதும் அதேதான். கெட்ட காலம் போய் நல்ல காலம் வரவேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு?

என் சந்தேகம் அட்டையில் என்ன அச்சாகிறது என்பதைப் பற்றியது. சங்கீதம் 23, 91, 121. ஏசாயாவில் 41, 43, 60. எரேமியா 29:11. உபாகமம் 28-ன் முதல் பாதி. சுற்றிச் சுற்றி இவைதான். ஆட்டோவின் பின்னால், காலண்டரில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எங்கும் இவையே. வேலையாளின் கூலியைப் பற்றிய வசனம் யாருக்காவது வந்து நான் பார்த்ததில்லை. கள்ளத் தராசு, பிடுங்கி நட்ட எல்லைக்கல், அடகு வாங்கின போர்வை, மொட்டைமாடிச் சுவர், இதெல்லாம் பைபிளில் இருப்பவைதான். அட்டைக்கு வரமாட்டா.

ஒருமுறை எங்கள் பாஸ்டரிடமே கேட்டேன்.

"ஐயா, அடுத்த வருஷம் உபாகமம் 22:8-ஐயும் நாலு அட்டையில் போடலாமே?"

அவருக்கு அந்த வசனம் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. சிரித்தார். "மாடிச் சுவரா? அதை எடுக்கிறவங்க என்கிட்ட திருப்பிக் கொடுத்துட்டு வேற கேப்பாங்க தம்பி."

உண்மைதான். கேட்பார்கள்.

முதலில் எல்லோருக்கும் பிடித்த எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். உங்களைப் பற்றி நான் வைத்திருப்பது நல்ல திட்டம், உங்களுக்கு எதிர்காலம் உண்டு என்று கடவுள் சொல்கிற இடம். பரீட்சை எழுதும் பிள்ளைக்கு, விசாவுக்குக் காத்திருப்பவருக்கு, மூன்றாவது முறையாக வரன் தட்டிப்போன வீட்டுக்கு எல்லாருக்கும் இது பொருந்தும். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம். பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார், யூதாவின் ராஜாவையும், பிரபுக்களையும், தச்சர், கொல்லர்களையும் சிறைபிடித்துக் கொண்டுபோய்விட்டான். போனவர்களுக்கு ஒரே கேள்வி: எப்போது ஊர் திரும்புவோம்?

அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷம், எல்லாம் சரியாகிவிடும், ஆலயத்துப் பாத்திரங்கள்கூடத் திரும்பி வந்துவிடும் என்கிறான். எரேமியா கழுத்தில் ஒரு மரநுகத்தை மாட்டிக்கொண்டு திரிகிறார். ஜனங்கள் பார்க்க அதைப் பிடுங்கி உடைக்கிறான் அனனியா. கூட்டம் யார் பக்கம் இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அனனியா இன்றைக்கு இருந்தால் யூடியூபில் லட்சக்கணக்கில் சந்தாதாரர் வைத்திருப்பார். எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார். எழுபது வருஷம் என்றால், இந்தக் கடிதத்தைக் கேட்கிற பெரியவர்களில் ஒருவர்கூட ஊர் திரும்பப் போவதில்லை. அந்த நல்ல திட்டம் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கானது. அட்டையில் இந்த எழுபது வராது.

கடிதத்தின் முற்பகுதியில் இன்னொன்று இருக்கிறது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த அந்த நகரம் நன்றாக இருக்கப் பாடுபடுங்கள், அதற்காக வேண்டிக்கொள்ளுங்கள், அது நன்றாக இருந்தால்தான் நீங்களும் நன்றாக இருப்பீர்கள் என்கிறார் எரேமியா. நாலு வரி முன்னால் இருக்கிறது, யாரும் அச்சடிப்பதில்லை.

என்னைக் கேட்டால் சென்னையின் தென்புறநகருக்கென்றே எழுதிய வசனம் அது. பொழிச்சலூரில் பரம்பரையாக இருப்பவர்களைவிட வந்து குடியேறியவர்கள் அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில், வேலூர், ஆந்திரம். விமானம் தலைக்கு மேல் இறங்குகிற சத்தத்துக்குப் பயப்படாதவர்களுக்கு ஒரு காலத்தில் மனை மலிவாகக் கிடைத்தது. (பிரசங்கத்தின் நடுவே விமானம் போனால் பாஸ்டர் நிறுத்தி, மூச்சு வாங்கி, விட்ட இடத்தில் தொடங்குவார். வெளியூர்ப் பிரசங்கியார்கள் மட்டும் கத்திப் பார்த்துத் தோற்பார்கள்.) 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பக்கத்துப் பம்மலும் அனகாபுத்தூரும் அதில் சேர்ந்தன. பொழிச்சலூர் ஊராட்சியாகவே நின்றது. குப்பை, கால்வாய், குடிநீர் என்று எதைப் பேசினாலும், "நமக்கென்ன சார், நாம ஊருக்குப் போயிடப் போறோம்" என்கிற குரல் ஒன்று எல்லாத் தெருவிலும் உண்டு. இருபது வருஷமாக இங்கே இருப்பவரும் அதைச் சொல்வார். கிராமசபைக் கூட்டம் என்றால் அவருக்கு என்றைக்கும் வேறு வேலை இருக்கும். எரேமியா கடிதம் எழுதியது இவருக்குத்தான்.

உபாகமம் 28 கதையும் இதேதான். நகரத்திலும் வெளியிலும் ஆசீர்வாதம், கடன் வாங்காமல் கடன் கொடுக்கிற நிலைமை என்றெல்லாம் வருகிற அதிகாரம் அது. மொத்தம் 68 வசனம். ஆசீர்வாதம் 14-ஆவது வசனத்தோடு முடிந்துவிடுகிறது. மிச்சம் 54 வசனமும், சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்கிற சாபப் பட்டியல். சொன்னது எது என்று பார்க்க முந்தைய அதிகாரங்களுக்குப் போகவேண்டும். அங்கேதான் தராசும் கூலியும் எல்லைக்கல்லும் மாடிச் சுவரும் இருக்கின்றன.

அந்த மாடிச் சுவருக்கு வருகிறேன். புது வீடு கட்டினால் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பு. இல்லாவிட்டால் யாராவது விழுந்து சாகும்போது அந்த ரத்தப்பழி உன் வீட்டின் மேல் வரும். உபாகமம் 22:8 சொல்வது இவ்வளவுதான். பழைய இஸ்ரவேலில் மாடியில்தான் படுப்பார்கள், தானியம் காயப் போடுவார்கள், விருந்தாளியை உட்கார வைப்பார்கள். நம் ஊர் மொட்டைமாடி மாதிரியே. கடவுள் வந்து சுவர் உயரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்பதே எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. நான் தள்ளிவிடவில்லை, அவன் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும் என்று வீட்டுக்காரன் தப்பிக்க முடியாது. கட்டாத சுவருக்கும் கணக்கு உண்டு.

2014 ஜூன் 28, சனிக்கிழமை. நல்ல மழை. இங்கிருந்து அதிக தூரமில்லாத மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். அரசாங்கம் நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. டிவியிலும் நேரலையாகப் பார்த்தோம்.

இடிந்து விழுந்த கட்டடத்தைப் பற்றி இயேசுவே பேசியிருக்கிறார். லூக்கா 13. எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்துப்போன செய்தி அப்போது ஊரெல்லாம் பேச்சு. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அவரே இல்லை என்கிறார். நீங்கள் மனம் திரும்புங்கள் என்று, கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் பக்கமே விரலைத் திருப்புகிறார். செத்தவன் ஜாதகத்தை ஆராய வேண்டாம், உயிரோடு இருக்கிற நீங்கள் உங்கள் நடப்பைப் பாருங்கள் என்கிறார். மண்ணைச் சோதிக்காமல் அஸ்திவாரம் போடுகிறவர், வரைபடத்தில் இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கிவிட்டு நாலு மாடி ஏற்றுகிறவர், அதைத் தெரிந்தே வாங்குகிறவர், கையெழுத்துப் போடுகிறவர் எல்லோருமே அந்தக் கூட்டத்தில் நிற்கிறார்கள்.

இதை 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சபைகளில் யாராவது பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பேசியது நோவாவைப் பற்றி. டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் வெளியேறியது. அந்த உபரிநீர் திருநீர்மலைக்கு அருகே அடையாற்றோடு சேர்ந்து, அனகாபுத்தூர், பொழிச்சலூர், கவுல் பஜார் என்று எங்கள் ஓரமாகத்தான் விமான நிலையத்துப் பக்கம் போகிறது. இரண்டாவது ஓடுபாதை ஆற்றின் மேலேயே பாலம் போட்டுப் போவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டிசம்பர் 1 இரவு மூடிய விமான நிலையம் 6-ஆம் தேதிதான் திறந்தது. அந்த நாட்களில் வானத்தில் விமானச் சத்தமே இல்லை. வெள்ளத்தைவிட அந்த அமைதிதான் குழந்தைகளைப் பயமுறுத்தியது என்று என் பக்கத்து வீட்டு அக்கா சொல்வார்.

தண்ணீர் வடிந்த அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம். "எங்க வீட்டு வாசப்படி வரைக்கும் வந்த தண்ணிய ஆண்டவர் தடுத்து நிறுத்தினார்" என்று ஒருவர் எழுந்து சொன்னார். அல்லேலூயா. இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் வீட்டில் கூரை வரைக்கும் தண்ணீர். அவருடைய பிள்ளைகளின் சர்டிபிகேட் உட்பட எல்லாம் போய்விட்டிருந்தது. அந்த அம்மா எழுந்து என்ன சாட்சி சொல்ல முடியும்? அவர் வீட்டுப் படிக்கு ஆண்டவர் வரவில்லையா? சாட்சி சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன், உயிர் பிழைத்தவனுக்கு நன்றி பொங்கத்தான் செய்யும். ஆனால் சீலோவாம் கோபுரத்தை அந்த ஞாயிறு வாசித்திருந்தால், பின் வரிசைக்கும் ஒரு வார்த்தை கிடைத்திருக்கும்.

வாசிக்க வேண்டிய இன்னொன்று எல்லைக்கல். பிறனுடைய எல்லைக்கல்லைத் தள்ளி வைக்காதே என்பது உபாகமத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. அதில் ஒன்று, ஜனங்கள் எல்லோரும் ஆமென் சொல்லி ஏற்கவேண்டிய சாபமாகவே வருகிறது. திக்கற்ற பிள்ளைகளின் நிலத்துக்குள் புகாதே என்று நீதிமொழிகள் சேர்த்துக்கொள்கிறது. அடையாறு சுமார் 42 கிலோமீட்டர் ஓடுகிற சின்ன ஆறு. அதற்கும் ஓர் எல்லை இருந்தது. ஏரிகளுக்கும் அவற்றை இணைத்த கால்வாய்களுக்கும் இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லைப் பிடுங்கி நடுவதைச் செய்தவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. பட்டா வாங்கிக் கொடுத்ததும் எல்லாக் கட்சியும்தான். 2018-ல் சட்டமன்றத்தில் வைத்த கணக்குத் தணிக்கை அறிக்கை, 2015 வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்றே சொன்னது. அந்த அறிக்கைக்கு நாங்கள் ஆமென் சொல்லவில்லை. நோவா கதையில் பழியை மழையின் மேல் போட்டுவிடலாம் என்பது வசதி. ஆனால் அந்தக் கதையிலுமே வெள்ளத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவது பூமி முழுக்கக் கொடுமை நிறைந்திருந்ததுதான்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கே வருவார். "அப்படியானால் மோசே சட்டத்தை அப்படியே அமல்படுத்தலாமா? கல்லெறிந்து கொல்லச் சொல்லியிருக்கிறதே, அடிமை வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறதே?" நியாயமான கேள்வி. வேண்டாம். நமக்கு அரசியல் சட்டம் இருக்கிறது, அது போதும். அம்பது வருஷத்துக்கு ஒருமுறை நிலமெல்லாம் பழைய சொந்தக்காரனுக்குத் திரும்ப வேண்டும் என்ற யூபிலி சட்டம்கூட நிஜமாகவே நடைமுறையில் இருந்ததற்கு வலுவான சான்று இல்லை என்றுதான் அறிஞர்கள் சொல்கிறார்கள். நான் கேட்பது அதைவிடச் சின்னது. வேதம் என்று தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பவர்கள், அது எதைப் பற்றிக் கோபப்படுகிறதோ அதைப் பற்றிக் கொஞ்சமாவது கோபப்பட வேண்டாமா? ஆமோஸ் என்ற ஆடு மேய்ப்பவர், பண்டிகை எப்போது முடியும், மறுபடி எடையைக் குறைத்து விற்கலாம் என்று ஆராதனையில் உட்கார்ந்து காத்திருக்கிற வியாபாரிகளைத் திட்டுகிறார். பாட்டுச் சத்தத்தை நிறுத்துங்கள், எனக்கு நியாயம்தான் வேண்டும் என்று கடவுளே சலித்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஒலிபெருக்கி வைத்த சபைகள் ஆமோஸை வருஷத்துக்கு ஒருமுறையாவது வாசிக்க வேண்டும்.

பெண்களுக்கு ஒன்று. எண்ணாகமம் 27-ல் செலொப்பியாத் என்பவருக்கு ஐந்து பெண்கள், ஆண் வாரிசு இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். ஐந்து பேர் பெயரையும் வேதம் வரிசையாகச் சொல்கிறது. பெரும்பாலான ஆண்களின் மனைவிமாருக்குப் பெயரே இல்லாத புத்தகத்தில். அவர்கள் மோசேயின் முன்னால், பிரபுக்கள் முன்னால், சபை முழுக்கப் பார்க்க வந்து நின்று, எங்கள் அப்பாவின் பங்கை எங்களுக்குக் கொடுங்கள் என்கிறார்கள். மோசேக்குப் பதில் தெரியவில்லை, கடவுளிடம் போய்க் கேட்கிறார். அந்தப் பெண்கள் கேட்டது சரி என்று பதில் வருகிறது. சட்டமே மாறுகிறது. (36-ஆம் அதிகாரத்தில், சொந்தக் கோத்திரத்திலேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆண்கள் ஒரு முட்டுக்கட்டை போட்டுவிடுவார்கள், அது தனிக் கதை.) இத்தனைக்கும் பிறகு, 1916-ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுச் சட்டம் மகனுடைய பங்கில் கால்பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்றது. கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய் சொந்தச் சகோதரரோடு மோதி உச்ச நீதிமன்றம்வரை போய், 1986-ல் 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி சமபங்கு உண்டு என்று தீர்ப்பு வாங்கினார். கேரளத்துச் சபைகள் அதைக் கொண்டாடவில்லை. நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? வரதட்சிணை கொடுத்தாயிற்றே என்று சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்கா தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு சேர்ந்து பாடுகிறோம்.

சாதியைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை. அந்தியோகியாவில் பேதுரு எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும், யூதரல்லாதவர்களின் பந்தியிலிருந்து மெல்ல விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் இதைச் சொல்கிறது. ஒரு சாப்பாட்டுப் பந்திக்காக இரண்டு அப்போஸ்தலர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்பு. எத்தனையோ பேர் சபையை விட்டே வெளியேறினார்கள். இன்றைக்கும் நாம் உருகிப் பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் அந்த உத்தரவை எதிர்த்தவர்களில் ஒருவர். அவர் பாட்டு எனக்கு உயிர். அவர் அந்த விஷயத்தில் எடுத்த நிலை தவறு. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியும்.

இது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் ஒரே பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கர்களுக்குள் சாதி மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். நகரத்தில் நாங்கள் துப்பாக்கி வரைக்கும் போகமாட்டோம், நாகரிகமானவர்கள். ஞாயிற்றுக்கிழமை வரன் விளம்பரத்தைப் பாருங்கள். மறுபடி பிறந்தவர், ஞானஸ்நானம் பெற்றவர், அபிஷேகம் பெற்றவர் என்று எல்லாத் தகுதியும் வரிசையாக வரும், கடைசியில் சாதிப் பெயரும் வரும்.

கடைசியாகக் கூலி. இதுதான் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துவது. உழைத்தவனின் கூலியை விடியும்வரை கையில் வைத்துக்கொள்ளாதே என்கிறது லேவியராகமம் 19. உபாகமம் 24, அவன் உன் ஊர்க்காரனானாலும் சரி, வெளியிலிருந்து வந்தவனானாலும் சரி, பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு, அவன் அதை நம்பித்தான் உயிரை வைத்திருக்கிறான் என்கிறது. யாக்கோபு நிருபத்தில் பிடித்துவைத்த கூலியே வாய்விட்டு அழுகிறது. அதோடு சேர்த்து யாத்திராகமத்தில், அடகாக வாங்கின போர்வையை இருட்டுவதற்குள் திருப்பிக் கொடு, அவன் எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்று ஒரு கேள்வி. தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டியைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் குழுக் கடன் தவணை கட்டமுடியாத பெண்ணின் வாசலில் இருட்டிய பிறகும் வசூலுக்கு உட்கார்ந்திருக்கிற ஆட்களைப் பம்மல் பக்கத்துச் சந்துகளில் பார்க்கலாம்.

பொழிச்சலூரில் எப்போதும் எங்காவது நாலு வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒடிசா, பீகார், மேற்கு வங்கப் பையன்கள் தகரக் கொட்டகையில் தங்கியிருப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலி பட்டுவாடா. எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் ஒருநாள் டீக்கடையில் புலம்பினார்.

"ரெண்டு வாரம் நிக்குது சார். வீட்டுக்காரர் நல்லவர்தான், தினமும் ஜெபம் பண்றவர். காசு மட்டும் அடுத்த வாரம், அடுத்த வாரம்னு போவுது. பசங்களுக்கு நான் கைக்காச போட்டுக் கொடுத்திருக்கேன்."

"நேரா கேளுங்களேன்."

"கேட்டா, கர்த்தர் சந்திப்பார்னு சொல்றார் சார். நான் என்னத்தச் சொல்ல?"

அந்த வீட்டுக்கு முகப்பில் கிரானைட்டில் எபெனேசர் என்று பெயர் பொறித்தாயிற்று. இதுவரைக்கும் கடவுள் துணை நின்றார் என்பதற்கு வைக்கிற பெயர். அதுவரைக்கும் துணை நின்ற மேஸ்திரிக்கு இரண்டு வாரக் கூலி பாக்கி. கிரானைட் கடைக்காரருக்குப் பாக்கி இருந்திருக்காது, அவர் முன்பணம் வாங்காமல் உளியைத் தொடமாட்டார்.

வீட்டுவேலை செய்கிற அக்காமார் கதையும் இதே மாதிரிதான். மாசம் முதல் தேதி நமக்குச் சம்பளம் வங்கியில் ஏறிவிடும், அவர்களுக்கு ஐந்து, ஏழு, பத்து என்று தள்ளும். ஊருக்குப் போயிருந்தோம், சில்லறை இல்லை, ஜிபே வேலை செய்யவில்லை. லீவு போட்ட நாளுக்குப் பிடிப்பதில் மட்டும் கணக்கு சுத்தமாக இருக்கும். ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்களும் வராதவர்களும் இதில் ஒன்றுதான். ஆனால் வருகிறவர்கள் அந்த வசனத்தைக் கையில் வைத்திருப்பவர்கள். அதனால் அவர்களைத்தான் அதிகம் கேட்பேன்.

ஒரு வேண்டுகோள். கூலியைச் சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடுங்கள், அது கேட்காமலே செய்யவேண்டியது. அதற்கு மேல் ஒன்று செய்யலாம். கட்டுமானத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 1994-லிருந்து நலவாரியம் இருக்கிறது. வீட்டுவேலை செய்பவர்களுக்கு 2007-ல் தனி வாரியம் வந்தது. 18 வயதிலிருந்து 60 வயதுவரை பதிவு செய்யலாம். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், பிரசவம், விபத்து, ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. உங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்காவிடமும், உங்கள் மேஸ்திரியிடமும் நலவாரிய அட்டை இருக்கிறதா என்று இந்த வாரம் கேளுங்கள். இல்லையென்றால் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், போட்டோ எடுத்துக்கொண்டு நீங்களே கூட உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். ஒரு மணி நேர வேலை.